தண்ணீர் வடியும், உப்பு வடியாது



மீஞ்சூர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம் பக்கத்து வீட்டுக்காரர்களும் பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து சிலரும் வந்திருக்கிறீர்கள். கொத்தனார்களும் வந்திருப்பதில் எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி. நான் சொல்லப் போவதில் பாதி அவர்கள் கையில்தான் இருக்கிறது. வெள்ளம் புகுந்த வீட்டை எப்படிப் பழுதுபார்ப்பது என்று பேசச் சொன்னார்கள். வெள்ளம் என்றவுடன் எல்லோருக்கும் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். தண்ணீர் நாலு நாளில் வடிந்துவிடுகிறது, மிஞ்சிப் போனால் பத்து நாள். அது சுவருக்குள் ஏற்றிவிட்டுப் போகிற உப்பு பத்து வருஷம் இருந்து வீட்டைத் தின்கிறது. நம் ஊர் வீடுகளைப் பழுதுபார்க்கும்போது தண்ணீருக்கு வைத்தியம் பார்க்கிறோம், உப்பை விட்டுவிடுகிறோம். அதனால்தான் ஒரே சுவருக்குத் திரும்பத் திரும்பச் செலவு செய்கிறோம்.

நாம் இருக்கிற இடத்தை ஒருமுறை மனதில் வரைந்து பாருங்கள். தெற்கே கொசஸ்தலை ஆறு. வடக்கே ஆரணி ஆறு. கிழக்கே பக்கிங்காம் கால்வாய், அதைத் தாண்டினால் கடல். பூண்டி ஏரியின் முழு உயரம் 35 அடி, கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அது நிறைந்து ஷட்டர் திறந்தால் அந்தத் தண்ணீர் வல்லூர் அணைக்கட்டைத் தாண்டி எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போயாக வேண்டும். பிச்சாட்டூர் அணை திறந்தால் ஆரணி ஆறு பொன்னேரிப் பக்கம் பெருகி வந்து பழவேற்காடு ஏரியில் சேரும். புயல் நேரத்தில் கடல் ஏறி நிற்கும். முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தால் இன்னும் மோசம். வடிய வழியில்லாத தண்ணீர் நம் தெருவில் நிற்கிறது. 2015, 2021, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் என்று சொல்லிக்கொண்டே போகலாம்.

நிலத்துக்கு மேலே கதை இப்படி. நிலத்துக்குக் கீழே இன்னொரு கதை இருக்கிறது. ஒரு காலத்தில் சென்னைக்கே தண்ணீர் கொடுத்த மண் இது. மீஞ்சூரிலும் சுற்று வட்டாரத்திலும் கிணறுகள் தோண்டி நகரத்துக்கும் ஆலைகளுக்கும் இறைத்தார்கள், பாசனத்துக்கும் இறைத்தோம். இறைத்த இடத்தைக் கடல் நிரப்பியது. 1960களின் இறுதியிலேயே கடல்நீர் உள்ளே வருவதை ஆய்வாளர்கள் கண்டு சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகும் இறைப்பது குறையவில்லை, உப்பும் மேற்கே நகர்ந்துகொண்டே போனது. 2010 முதல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் தயாரிக்கும் திறனோடு நிற்கிறது. அந்த நீரும் சென்னைக்குத்தான் போகிறது. நம் போர் தண்ணீரில் குளித்தால் சோப்பு நுரைக்காது. அதே தண்ணீரைத்தான் சிமென்ட்டில் ஊற்றிக் குழைக்கிறோம். வெள்ளம் வருவதற்கு முன்பே உப்பு வீட்டுக்குள் குடிவந்துவிடுகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

சென்ற ஆண்டு நந்தியம்பாக்கம் பக்கம் ஒரு வீட்டுச் சமையலறைச் சுவரைக் கொத்திப் பார்த்தோம். கட்டி இருபது வருஷமான வீடு. தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். டைல்ஸ் பளபளவென்று இருந்தது. அதற்கு மேலே ஒரு முழம் அகலத்துக்குப் பூச்சு பொரிந்து, தொட்டால் மாவாகக் கொட்டியது. கொத்தியபோது அடுக்கடுக்காக வந்தது. மேலே டைல்ஸ், அதன் பின்னால் 2015 வெள்ளத்துக்குப் பிறகு பூசிய கெட்டியான சிமென்ட் பூச்சு, அதற்கும் பின்னால் வீடு கட்டியபோது பூசிய பழைய பூச்சு, கடைசியில் செங்கல். செங்கலின் முகம் விரல் பட்டதும் உதிர்ந்தது, அதன் மேல் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாக உப்பு. அந்த வீட்டு அம்மா கொத்தனாரிடம் கேட்டார்: “ஏம்பா, டைல்ஸ் ஒட்டுனா ஓதம் நிக்கும்னுதானே சொன்னாங்க?” கொத்தனார், “நிக்கலம்மா, மேல ஏறிடுச்சு” என்றார். பாடப் புத்தகத்தில் பத்துப் பக்கம் சொல்கிற விஷயம் அந்தப் பதிலில் முழுதாக இருக்கிறது.

செங்கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியாக நிலத்தடி ஈரம் சுவரில் மேலே ஏறுகிறது, தன்னோடு கரைந்த உப்பையும் தூக்கிக்கொண்டு. சுவரின் முகத்துக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு தங்கிவிடும். தங்கிய உப்பு படிகமாக வளரும்போது அந்தத் துளைக்குள் இடம் போதாமல் பூச்சை உடைத்துத் தள்ளுகிறது. மழைக்காலத்தில் அந்த உப்பே காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மறுபடி கரைகிறது, வெயில் வந்தால் மறுபடி படிகமாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சுவர் கொஞ்சம் உதிர்கிறது. டைல்ஸ், பட்டி, பெயின்ட், கெட்டியான சிமென்ட் பூச்சு எதுவானாலும் ஈரம் வெளியேறும் வழியைத்தான் அடைக்கிறது. வழி அடைபட்ட ஈரம் திறந்த இடம் தேடி மேலே போகும். ஓதத்துக்கு டைல்ஸ் மருந்து என்று யார் சொன்னாலும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

இதில் நமக்கு எதிரியாக இருப்பது நம்முடைய நல்ல பழக்கம் ஒன்று. கார்த்திகையிலோ மார்கழியிலோ வெள்ளம் வருகிறது. தை பிறந்தால் பொங்கல். பொங்கலுக்கு வீடு வெள்ளையாக இருக்க வேண்டும் என்று நினைப்பதில் தவறே இல்லை. மிக்ஜாம் மழை கொட்டியது 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில், அடுத்த பொங்கல் ஜனவரி 15. நடுவில் ஆறே வாரம். முட்டியளவு தண்ணீரில் ஊறிய ஒன்பது அங்குலச் சுவர் ஆறு வாரத்தில் காயாது, அதுவும் பனிக்காலத்தில். அந்த ஈரச் சுவர் மேல் பட்டி பார்த்து, இரண்டு கோட் எமல்ஷன் அடித்து, ஈரத்தையும் உப்பையும் உள்ளே வைத்து மூடிவிட்டோம். மாசி, பங்குனி வெயிலில் பெயின்ட் கொப்பளித்தது. பெயின்ட் கடைக்காரரைத் திட்டினோம். வெள்ளம் வந்த வருஷத்தில் பொங்கலுக்கு வெறும் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை அடைக்காது, விலையும் குறைவு, கிருமியையும் கொல்லும். பண்டிகை குறைவில்லாமல் நடக்கும். உண்மையான பழுதுவேலையைச் சித்திரை, வைகாசிக்குத் தள்ளி வையுங்கள்.

இப்போது சித்திரை. அதனால்தான் இந்த மாதத்தில் இந்தப் பேச்சுக்கு ஒப்புக்கொண்டேன்.

முதலில் சுவர் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சதுர அடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, வேலையைத் தொடங்க வேண்டாம். வெளிப்பக்கம் நீர் கோத்தால் அது அறையின் காற்றில் உள்ள ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும். அடுத்து, சுத்தியலின் பின்பக்கத்தால் பூச்சைத் தட்டிக்கொண்டே போங்கள். பொத்தென்று சத்தம் வருகிற இடமெல்லாம் சுவரை விட்டுக் கழன்ற பூச்சு. கெட்டுப்போனது தெரிகிற உயரத்துக்கு மேல் இன்னும் ஒன்றரை அடி வரை செங்கல் தெரியக் கொத்திவிடுங்கள். செங்கல்லுக்கு நடுவே உள்ள கலவையையும் அரை அங்குலம் சுரண்டி எடுங்கள். பூத்திருக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கீழே தாள் விரித்துப் பிடித்து, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிறார்கள், அது வேண்டாம். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி செங்கல்லுக்குள்ளேயே போய்விடும். மணலி ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து வந்த வெள்ளம் பட்ட சுவர்கள் மட்டும் விதிவிலக்கு. எண்ணெய்ப் படலத்தின் மேல் எந்தக் கலவையும் பிடிக்காது, அதைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்து எடுத்துத்தான் ஆக வேண்டும்.

பிறகு எதைக்கொண்டு பூசுவது என்பதற்குப் பழவேற்காடு பதில் வைத்திருக்கிறது. அங்கே டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள், 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உப்பேரிக்குப் பக்கத்திலேயே, உப்புக் காற்றிலேயே, செங்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிறது. சமயீசுவரர் கோயில் செம்புறாங்கல்லில் நிற்கிறது. கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கிற தொழில் நம் கரையில் தலைமுறைகளாக இருந்தது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே விடும், வெளியேயும் விட்டுவிடும். உப்பு வந்தால் பூச்சு உதிரும், செங்கல் தப்பிக்கும். உதிர்ந்த பூச்சை மறுபடி பூசிக்கொள்ளலாம், உதிர்ந்த செங்கல்லை எங்கே போய் வாங்குவது? நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, கொஞ்சம் சுர்க்கி, அதாவது செங்கல் தூள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கை கிடைக்கவில்லை என்றால் சிமென்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்று கலந்து பூசுங்கள். உப்பு மிக அதிகமாக ஏறிய சுவரில், ஒரு மழைக்காலம் கழித்து உதிர்த்துவிடுவதற்கென்றே லேசான சுண்ணாம்புப் பூச்சு ஒன்று பூசி வைக்கலாம். அது உப்பை உறிஞ்சித் தன்மேல் வாங்கிக்கொள்ளும். அதைக் கொத்தி எறிந்துவிட்டு அடுத்த கோடையில் நிலையான பூச்சைப் பூசலாம்.

சுவர் உதிர்ந்தால் பணம் போகும். கம்பி துருப்பிடித்தால் உயிர் போகும். அதனால் இதைக் கவனமாகக் கேளுங்கள். நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துரு பிடிக்காமல் காக்கிறது. உப்பில் உள்ள குளோரைடு அந்தக் காப்பை உடைத்துவிடுகிறது. கம்பியில் பிடிக்கும் துரு, அது தின்ற இரும்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் அடைக்கும். ஊதிய கம்பி கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. சன்ஷேடின் அடியிலும் சீலிங்கிலும் கம்பி ஓடுகிற கோட்டிலேயே நீளவாக்கில் விரிசல் விழுந்தால் அது இதுதான். சுனாமிக்குப் பிறகு கடலோரக் குப்பங்களில் கட்டிய வீடுகளில் பலவற்றில் இன்று சீலிங் பெயர்ந்து கம்பி தெரிகிறது. அவற்றின் அடியில் குழந்தைகள் படுத்துத் தூங்குகிறார்கள். அந்த இடத்தில் சிமென்ட் குழைத்து அப்பிவிட்டுப் போவது நாம் வழக்கமாகச் செய்வது. துரு உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும், இரண்டாவது மழைக்காலத்தில் அப்பியதும் சேர்ந்து விழும். செய்ய வேண்டியது வேறு. பெயர்ந்த கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, கம்பியைச் சுற்றிலும் பிரஷ் போட்டுப் பளபளவென்று தேய்த்து, எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். பிறகு துருத் தடுப்புப் பூச்சு, பாலிமர் கலந்த கலவை. இந்த வேலை நடக்கும்போது கீழே முட்டு கொடுத்திருக்க வேண்டும். பீமும் தூணும் இப்படி ஆகியிருந்தால் கொத்தனாரை மட்டும் நம்பாமல் ஒரு கட்டடப் பொறியாளரைக் கூட்டி வந்து காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கிற கட்டணம் வீண்போகாது.

புதிதாகக் கான்கிரீட் போடுகிறவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்கிறது. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை விடுகிறது. உங்கள் போர் தண்ணீர் எவ்வளவு என்று தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், குளோரைடைத் தனியாகக் காட்டாது. ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு 25 லிட்டர் தண்ணீர் போதும். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரே ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. முப்பத்தைந்து மூட்டைக்கு அது போதும். 2003ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நாம் எல்லோரும் குழாய் போட்டோம், பிறகு பலர் அதை மறந்தோம். தொட்டியை மட்டும் வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள், தரைக்குக் கீழே உள்ள சம்ப் வேண்டாம். டேங்கர் நல்ல தண்ணீர் ஒரு லோடுதான் கிடைக்கும் என்றால் அதை லிண்டலுக்கும் பீமுக்கும் ரூஃபுக்கும் ஒதுக்குங்கள். அவற்றை நனைத்து வைப்பதற்கும் அந்தத் தண்ணீர்தான். கம்பிக்கு வெளியே கான்கிரீட் கனம் 45 மில்லிமீட்டர் வேண்டும் என்று கடலோரக் காற்றுக்கு அதே விதி கேட்கிறது. கவர் பிளாக் இல்லாமல் கம்பியைப் பலகை மேல் படுக்க வைத்துக் கான்கிரீட் கொட்ட விடாதீர்கள். சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட் குளோரைடு உள்ளே போவதை மெதுவாக்கும், அதையே வாங்குங்கள்.

அடுத்தது தரையை உயர்த்துவது. தெரு உயர்ந்துவிட்டது, வீடு பள்ளமாகிவிட்டது, அதனால் உள்ளே இரண்டடி ரப்பீஸ் கொட்டித் தரையை ஏற்றிவிட்டோம் என்று தெருவுக்குப் பத்துப் பேர் சொல்கிறார்கள். இதில் ஒரு ஆபத்து யார் கண்ணிலும் படுவதில்லை. வீடு கட்டும்போது பேஸ்மட்டத்தில் பெல்ட் போட்டிருப்பார்கள், அதற்கு மேல் ஓதம் ஏறாமல் இருக்க. நீங்கள் உள்ளே கொட்டிய ரப்பீஸ் அந்தப் பெல்ட்டுக்கு மேலே சுவரை உரசிக்கொண்டு நிற்கிறது. பெல்ட்டைத் தாண்டாமலே ஈரம் ரப்பீஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு சுவருக்குள் போய்விடுகிறது. வெள்ளத்திலிருந்து தப்பிக்கச் செய்த வேலை, வெள்ளம் வராத வருஷத்திலும் சுவரை நனைக்கிறது. பழைய இடிபாட்டில் உப்பேறிய பூச்சும் கலந்திருப்பதால் உப்பை நாமே கொண்டுவந்து கொட்டியதாகிறது. உயர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் சுவரின் உள்முகத்தில் புதுத் தரை மட்டம் வரை தார் அடித்துக் கனமான பாலித்தீன் தாள் நிறுத்துங்கள். நிரப்புவதற்கு ஜல்லியோ கழுவிய மணலோ போடுங்கள். ஏரி மணல், கடல் மணல் வேண்டவே வேண்டாம். தரை உயர்ந்தால் சுவிட்ச் போர்டு, பிளக் எல்லாம் தரை மட்டத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வந்துவிடும். அவற்றையும் 2015 வெள்ளக் கோட்டுக்கு மேலே ஏற்றுங்கள். கீழ்த்தளத்துக்குத் தனி லைனும் மின்கசிவு வந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் கருவியும் வையுங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கீழ்த்தளத்தில் பிளைவுட் அலமாரி செய்யாதீர்கள். நம் பாட்டி வீட்டுக் கடப்பா கல் அலமாரி எத்தனை வெள்ளத்துக்கும் கழுவி விட்டால் போதும். குளியலறைக்கு பிவிசி கதவு. செப்டிக் டேங்கிலிருந்து தண்ணீர் திரும்ப ஏறாமல் இருக்கக் குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். சுற்றிலும் வெள்ளம் நிற்கும்போது செப்டிக் டேங்கைக் காலி செய்யாதீர்கள், காலித் தொட்டி மிதந்து எழும்பிக் குழாயை உடைத்துவிடும். காம்பவுண்டு சுவரின் அடியில் துளைகள் விடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் நின்றால் சுவர் தாங்காது. வாசலில் பலகை வைத்துத் தண்ணீரைத் தடுப்பது இரண்டடி வரை சரி. அதற்கு மேல் வெளியே தண்ணீர் ஏறிவிட்டால் பலகையை எடுத்து உள்ளே விட்டுவிடுங்கள். சாமான் நனைந்தால் காயவைத்துக்கொள்ளலாம், சுவர் உள்பக்கமாகச் சரிந்தால் மேலே இருப்பதும் சேர்ந்து வரும்.

ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குவதைப் பற்றிக் கேட்டு இங்கே சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சென்னைப் புறநகரில் நிறைய வீடுகளை மூன்றடி, நாலடி தூக்கியிருக்கிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள். ஆனால் நான் இவ்வளவு நேரம் சொன்ன உப்பு உங்கள் செங்கல்லிலும் பீமிலும் ஏற்கெனவே இருந்தால் தூக்கும்போது பாரம் மாறுகிற இடத்தில் விரிசல் விழும். அடிச்சுவரைக் கொத்திப் பார்த்து, கம்பியைச் சோதித்து, பொறியாளர் எழுத்தில் கொடுத்த பிறகே அதைப் பற்றி யோசியுங்கள். இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். தெருவில் ஒருவர் மனையில் மண் கொட்டி மூன்றடி ஏற்றினால் அங்கே நின்ற தண்ணீர் பக்கத்து ஓட்டு வீட்டுக்குப் போகிறது. அந்த வீட்டில் இருப்பவர் மண் வாங்கக் காசில்லாதவர். அதனால் எவ்வளவு உயர்த்துவது என்பதைத் தெருவே கூடி, ரசமட்டம் பிடித்து, தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

தெருவின் உயரம் ஏறிக்கொண்டே போவதற்கு நம் வீடு காரணமில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு ரோடு ஏறியது. 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் சாலை போட வேண்டும் என்று அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார். உங்கள் தெருவில் தார் லாரி வந்து நிற்கும் அன்றைக்கு, சுரண்டும் இயந்திரமும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் வேலையைத் தொடங்குமுன் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்துக்கு எழுத்தில் மனு கொடுங்கள். பழைய மட்டத்தையும் புதிய மட்டத்தையும் உங்கள் வாசற்படியில் பெயின்ட்டால் கோடு போட்டுத் தேதியோடு குறித்து வையுங்கள், போட்டோவும் எடுத்து வையுங்கள். அடுத்த மனுவுக்கு அந்தக் கோடுதான் ஆதாரம்.